வட்டவடை: இரண்டு மாநிலமும் சொந்தம் கொண்டாடாத தமிழ் ஊர்

போடியிலிருந்து குரங்கணி போய், அங்கிருந்து நடந்தே மலையேறினால் டாப் ஸ்டேஷன். வருவாய்த்துறைக் கணக்கில் அது தேனி மாவட்டம், போடிநாயக்கனூர் தாலுகா, கொட்டகுடி ஊராட்சி. ஆனால் டாப் ஸ்டேஷன்காரர் வண்டியில் போடிக்கு வர நினைத்தால், முதலில் கேரளத்துக்குள் நுழைந்து மூணாறு போக வேண்டும். பிறகு பூப்பாறை, போடிமெட்டு, 17 கொண்டை ஊசி வளைவு என்று சுற்றி இறங்க வேண்டும். தன் தாலுகா ஆபீசுக்குப் போவதற்குப் பக்கத்து மாநிலத்தைக் கடந்தாக வேண்டிய ஊர் அது.

அந்த டாப் ஸ்டேஷனிலிருந்து பாம்பாடும் சோலைக் காட்டுக்குள் புகுந்து போகும் ரோடு வட்டவடையில் போய் முடிகிறது. இங்கே கதை தலைகீழ். மண் கேரளம், இடுக்கி மாவட்டம், தேவிகுளம் தாலுகா. வீட்டிலும் வயலிலும் கோயிலிலும் டீக்கடையிலும் தமிழ். ஊராட்சியின் கடைத்தெரு இருக்கும் இடத்துக்குப் பெயரே கோவிலூர். பலகைகளில் மலையாளம் மேலே, தமிழ் கீழே. பஸ்சை விட்டு இறங்கும் மதுரைக்காரர், ‘இது கேரளாவா?’ என்று ஒருமுறையாவது கேட்டுவிடுவார்.

படிப்படியாக வெட்டிய வயல்கள்தான் வட்டவடையின் அடையாளம். கேரட், முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு, பீன்ஸ், பூண்டு. மூணாறுப் பக்கம் கம்பளம் விரித்தாற்போல் கிடக்கும் தேயிலை இங்கே கிடையாது. வயலில் பிடுங்கிய பூண்டைத் தாளோடு கட்டுக்கட்டாகக் கட்டி வீட்டுக்குள் விட்டத்தில் தொங்கவிட்டிருப்பார்கள். அடுப்புப் புகை பட்டுப் பட்டு அது பழுப்பேறும். நல்ல காரம். காந்தல்லூர் – வட்டவடைப் பூண்டு என்று அதற்குப் புவிசார் குறியீடு உண்டு. முகட்டுக்கு அந்தப் பக்கம் கொடைக்கானல் மலைப்பூண்டு. அதற்கும் தனிக் குறியீடு உண்டு. மலை ஒன்று, காரம் ஒன்று, சான்றிதழ் இரண்டு.

மூணாறுத் தேயிலைத் தோட்டத் தமிழர்களின் சரித்திரம் வேறு, இவர்களுடையது வேறு. தோட்டத்துக்கு ஆட்களைக் கங்காணிகள் கூட்டிவந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில். 1877இல் பூஞ்ஞாறு ராஜாவிடமிருந்து மன்றோ துரை கண்ணன் தேவன் மலையை எழுதி வாங்கிய பிறகு. வட்டவடை, கொட்டாக்கம்பூர், மறையூர், காந்தல்லூர்க்காரர்கள் அதற்கெல்லாம் வெகு முன்பே இங்கே உழுது விதைத்துக்கொண்டிருந்த குடியானவர்கள். போருக்கு அஞ்சி மதுரைச் சீமையிலிருந்து மலையேறியவர்கள் என்பது அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் ஊர்க்கதை. இந்தப் பக்கத்து ஐந்து ஊர்களைச் சேர்த்துச் சொல்லும் அஞ்சுநாடு என்ற பெயர் மறையூர்ப் பக்கத்தில் இன்றும் எல்லோருக்கும் தெரியும். இந்தக் குடியானவர்களைச் சுற்றி முதுவான் பழங்குடியினரின் குடிகள். அவர்களும் தங்கள் பூர்வீகம் மதுரை என்றே சொல்கிறார்கள்.

இதை இவ்வளவு விரித்துச் சொல்லக் காரணம் உண்டு. 1956இல் இந்த மலையின் தலைவிதியை எழுதியவர்கள், இங்கிருந்த தமிழர் எல்லோரையும் ஒரே வார்த்தையில் அடக்கினார்கள்: வந்து போகிறவர்கள்.

அந்தக் கதை தமிழ் வாசகர்களுக்குப் பாதி தெரிந்ததுதான். திருவிதாங்கூரின் தமிழ்த் தாலுகாக்களைச் சென்னை மாகாணத்தோடு சேர்க்கக் கோரி மார்ஷல் நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. 1954 ஜூலையில் நேசமணியும் சகாக்களும் தடையை மீறி தேவிகுளம் வந்து கைதானார்கள். ஆகஸ்ட் 11ஆம் தேதி தெற்கே மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச்சூடு. 1955இல் ஃபசல் அலி தலைமையிலான மாநில மறுசீரமைப்பு ஆணையம் அறிக்கை கொடுத்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டையின் ஒரு பகுதி 1956 நவம்பர் 1ஆம் தேதி நமக்கு வந்தன. தேவிகுளமும் பீர்மேடும் வரவில்லை.

தேவிகுளம் தாலுகாவில் தமிழர்களே பெரும்பான்மை என்பதை ஆணையம் மறுக்கவில்லை. ஆனால் அவர்களில் பெரும்பகுதி தோட்ட வேலைக்காக வந்தவர்கள், நிலைத்த குடிகள் அல்ல, அதனால் தலைக்கணக்கை மட்டும் வைத்து முடிவுசெய்ய முடியாது என்றது. புதிதாகப் பிறக்கவிருந்த கேரளத்துக்குக் காடும் மலையும் நீரும் வேண்டியிருந்ததும் ஒரு காரணம். ‘குளமாவது மேடாவது, எல்லாம் இந்தியாவில்தானே இருக்கிறது’ என்று காமராஜர் சொன்னதாக இன்றுவரை ஒரு பேச்சு. அவர் சொன்னாரோ இல்லையோ, சென்னை அரசு இதற்காகப் பிடிவாதமாக மல்லுக்கட்டவில்லை என்ற மனக்குறை மலைக்குக் கீழே இன்னும் ஆறவில்லை.

என் கருத்தைக் கேட்டால், எல்லைக்கோடு எங்கே விழுந்தது என்பதைவிட, அதை நியாயப்படுத்தச் சொன்ன அந்தக் காரணம்தான் அதிகம் சேதம் செய்தது. வந்து போகிறவன் என்று முத்திரை குத்தப்பட்டவனுக்கு வீடு எதற்கு, பட்டா எதற்கு? தேயிலைத் தோட்டத்தில் மூன்று நான்கு தலைமுறையாக வேலை செய்பவர்கள் இன்னும் லயத்தில்தான் குடியிருக்கிறார்கள். ஓர் அறை, ஒரு சமையலிடம், பக்கத்து வீட்டுக்கும் தன் வீட்டுக்கும் ஒரே சுவர். வேலை முடிந்து ஓய்வு பெற்றால் லயத்தைக் காலி செய்ய வேண்டும். 2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைப் பெண்கள், ஆண்களின் தொழிற்சங்கங்களை ஓரங்கட்டிவிட்டு, ‘பெண்கள் ஒற்றுமை’ என்று சொல்லி ரோட்டில் உட்கார்ந்தார்கள்; 20 சதவீத போனஸ் வாங்காமல் எழுந்திருக்கவில்லை. 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்களை மூடியது. 70 பேர் இறந்தார்கள். அவர்களில் பலரின் சொந்த ஊர் கயத்தாறுப் பக்கம். அத்தனை தலைமுறைக்குப் பிறகும் ‘சொந்த ஊர்’ என்று வேறோர் ஊரைச் சொல்ல வேண்டியிருப்பதிலேயே அந்த ஆணையத்தின் வார்த்தை இன்னும் உயிரோடிருப்பது தெரியும்.

மறுபடி வட்டவடைக்கு வருவோம். 2024 மே மாதம் இந்த ஊர் திடீரென்று தமிழ்நாட்டுத் தொலைக்காட்சிகளில் தலைப்புச் செய்தியானது. ஊராட்சிக்குள் ஓடும் சிலந்தி ஆற்றின் குறுக்கே கேரள அரசு ஒரு தடுப்பணை கட்டத் தொடங்கியிருந்தது. இந்த மலையின் தண்ணீர் மேற்கே அரபிக் கடலுக்குப் போவதில்லை. கிழக்கே பாம்பாற்றில் சேர்ந்து அமராவதி அணைக்கு வருகிறது. அமராவதியை நம்பித் திருப்பூர், கரூர் மாவட்டங்களில் சுமார் 55 ஆயிரம் ஏக்கர் இருக்கிறது. பாம்பாறு காவிரிப் படுகையைச் சேர்ந்தது என்பதால் 2007இல் காவிரி நடுவர் மன்றம் கேரளத்துக்கு ஒதுக்கிய 30 டி.எம்.சி.யில் 3 டி.எம்.சி. பாம்பாற்றுக்கானது. அனுமதி இல்லாமல் எப்படிக் கட்டலாம் என்று தமிழக விவசாயிகள் கொதித்தார்கள். முதல்வர் ஸ்டாலின் கேரள முதல்வருக்குக் கடிதம் எழுதினார். பசுமைத் தீர்ப்பாயம் தானாக வழக்கை எடுத்தது.

தமிழ்நாட்டின் வாதத்தில் சட்டப்படி குறை இல்லை. இரு மாநில நதியில் சொல்லாமல் கொள்ளாமல் கட்டுவது தவறுதான். ஆனால் நம் ஊர் விவாதங்களில் ஒரு விஷயம் கடைசிவரை வாயில் வரவே இல்லை. குடிநீருக்காக என்று கேரளம் சொன்ன அந்தச் சிறு அணையின் தண்ணீரை யார் குடிக்கப் போகிறார்கள்? வட்டவடைத் தமிழர்கள். அமராவதிப் பாசனத் தமிழனுக்காகச் சென்னை பேசியது. வட்டவடைத் தமிழனுக்காகத் திருவனந்தபுரம் பேசியது. தொலைக்காட்சியில் ‘கேரளாவின் அடாவடி’ என்று ஓடிக்கொண்டிருந்தபோது, அந்தக் ‘கேரளா’ பக்கத்தில் குடத்தோடு நின்றவர் தமிழச்சி.

இதே ஊர்க்காரன் மூணாறு அலுவலகத்தில் நின்றால் ‘பாண்டி’ என்ற ஏளனப் பெயர். சாதிச் சான்றிதழ் விவகாரம் அதைவிடக் கசப்பு. பட்டியல் சாதி அந்தஸ்து ஒரு மாநிலத்துக்குள் செல்லுபடியாக வேண்டுமானால், 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதிக்கு, அதாவது குடியரசுத் தலைவரின் ஆணை வந்த நாளுக்கு முன்பே குடும்பம் அங்கே நிலையாகக் குடியிருந்ததைக் காட்ட வேண்டும். தாத்தா தோட்டத்துக்கு எந்த ஆண்டு வந்தார் என்பதற்கு லயத்துக் குடும்பம் எந்தக் காகிதத்தை நீட்டும்? தமிழ்நாட்டில் கேட்டால், நீங்கள் கேரளம். கேரளத்தில் கேட்டால், நீங்கள் குடியேறியவர்கள்.

இந்த மலையின் சட்டமன்ற உறுப்பினரையே அந்தக் கேள்வி விட்டுவைக்கவில்லை. தேவிகுளம் தனித்தொகுதியில் 2021இல் ஜெயித்த மார்க்சிஸ்ட் கட்சியின் ஏ.ராஜா, கேரள சட்டமன்றத்தில் தமிழில் பதவிப் பிரமாணம் எடுத்தார். வாசகத்தில் குறையிருந்ததால் இன்னொரு முறையும் எடுக்க நேர்ந்தது. 2023 மார்ச்சில் அவருடைய வெற்றியைக் கேரள உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அவர் இந்து பறையர் அல்ல, கிறிஸ்தவர் என்பது முக்கியக் குற்றச்சாட்டு. தாத்தா பாட்டி தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள், எப்போதிருந்து கேரளவாசி என்பதும் வழக்கில் கிளறப்பட்டது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர் தேர்வு செல்லும் என்று சொன்னது. எம்.எல்.ஏ.வுக்கு வக்கீல் வைக்க முடிந்தது. லயத்துப் பையன் கல்லூரி இட ஒதுக்கீட்டுக்கு உச்ச நீதிமன்றமா போவான்?

கேரளத்தை ஒரேயடியாகக் குறை சொல்லவும் முடியாது. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழரும் கன்னடரும் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைமைகளுக்கும் தங்கள் மொழியில் எழுதலாம், பதிலையும் அந்த மொழியில் பெறலாம் என்கிறது. அரசுத் தேர்வாணையத்தின் வினாத்தாள் தமிழிலும் கிடைக்கிறது. தமிழ்வழிப் பள்ளிகள் இருக்கின்றன. 2017இல் மலையாளம் எல்லாப் பள்ளியிலும் கட்டாயம் என்று சட்டம் வந்தபோது கவலை எழுந்தது உண்மை. ஆனால் பிள்ளைகள் மலையாளம் படிப்பதை ஊர்க்காரர்கள் வெறுப்பதில்லை. பிழைக்க வேண்டுமே. சிக்கல் நடைமுறையில்தான். சட்டத்தில் தமிழ் உண்டு. வில்லேஜ் ஆபீஸ் கவுண்டரில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் இருந்தால் உண்டு.

ஐரோப்பாவிலும் இப்படி ஒரு மூலை இருக்கிறது. அல்பேனியாவின் கிழக்கு எல்லையில், பிரெஸ்பா ஏரிக்கரையில், புஸ்தெட்ஸ் என்ற சிறு ஊராட்சி. அங்கே வாழ்பவர்கள் மாசிடோனியர்கள். அவர்களைச் சிறுபான்மையாக அல்பேனியா வெகுகாலமாக ஏற்றுக்கொண்டது. பிள்ளைகளுக்கு மாசிடோனிய மொழிப் பள்ளியும் உண்டு. ஆனால் அந்த உரிமை ஏரிக்கரையின் ஒன்பது ஊர்களுக்கு மட்டும் என்று பல பத்தாண்டுகள் வரம்பு கட்டியிருந்தது. ஊரைத் தாண்டி வேறு நகரத்துக்குக் குடிபோன மாசிடோனியன் அரசின் கணக்கில் அப்போது மாசிடோனியனாக இருக்கவில்லை. லிசெனாஸ் என்று அரசாங்கம் மாற்றிவைத்திருந்த ஊர்ப்பெயர் மறுபடி புஸ்தெட்ஸ் ஆனது 2013இல்தான். அது நாட்டு எல்லை, இது மாநில எல்லை. ஆனாலும் எல்லையோரச் சிறுபான்மைக்கு அரசுகள் உரிமையைக் கோடு போட்டு அளந்து கொடுப்பதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

போடிக்கு இறங்கினால், இந்த எல்லை தினமும் ஆயிரக்கணக்கானோர் தாண்டும் வாசற்படி. விடியற்காலை இருட்டில் போடி, தேவாரம், கோம்பை, கம்பம் ரோடுகளில் ஜீப்புகள் நிற்கும். முழுக்கைச் சட்டையைப் புடவைக்கு மேல் போட்ட பெண்கள், தூக்குவாளி, மழைக்குப் போர்த்த பிளாஸ்டிக் தாள். போடிமெட்டு ஏறி, பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பஞ்சோலை ஏலத்தோட்டங்களில் இறங்குவார்கள். ஏலக்காய் மரத்தில் காய்ப்பதில்லை. செடியின் தூரிலிருந்து தரையோடு படரும் சரத்தில் காய்க்கும். ஆகவே குனிந்தும் குத்துக்காலிட்டும்தான் எடுக்க முடியும். முற்றிய காயை மட்டும் விரலால் தடவிப் பார்த்து எடுத்து, பிஞ்சை விட வேண்டும். அதே செடிக்கு ஒரு மாதம் ஒன்றரை மாதம் கழித்துத் திரும்ப வர வேண்டும். ஈரத்தில் அட்டை காலில் ஏறும். எடுத்த பச்சைக்காய் ஸ்டோர் எனப்படும் உலர்த்தும் அறையில் ஒரு நாளுக்கு மேல் சூட்டில் காயும். ஐந்து கிலோ போல பச்சைக்காய்க்கு ஒரு கிலோ உலர்ந்த காய். அது திரும்பவும் மலையிறங்கி, நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்துக்குப் போடிக்கே வரும். இன்னொரு ஏல மையம் மலைமேல் புத்தடியில். 2019 ஆகஸ்டில் அங்கே ஒரு லாட் கிலோ 7,000 ரூபாய்க்குப் போனது. அன்றைக்குக் காய் எடுத்தவர் கூலி ஏறியதா என்று எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை.

வாசற்படி சிலநேரம் சுவராகவும் ஆகும். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணைப் பிரச்சினை வெடித்தபோது தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் தாக்கப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும் காட்டுப்பாதையில் நடந்தே போடி, தேவாரம் பக்கம் இறங்கினார்கள். இறங்க இடமிருந்தவர்கள் இறங்கினார்கள். வட்டவடைக்காரருக்கு எங்கே இறங்குவது? அவருடைய ஊரே அதுதான். 2020 மார்ச்சில் பொதுமுடக்கத்தில் சோதனைச்சாவடிகள் மூடப்பட, மறுபடி அதே காட்டுப்பாதை. ராசிங்கபுரத்துக்காரர்கள் சிலர் அப்படித் திரும்பும் வழியில் காட்டுத்தீயில் சிக்கி இறந்தார்கள்.

கோட்டுக்குக் கட்டுப்படாத உறவுகளும் ஏராளம். தேவிகுளத்தில் 1958இல் இடைத்தேர்தல் வந்தபோது கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் தமிழர் ஓட்டில்லாமல் ஜெயிக்க முடியாத நிலை. மலையடிவாரத்துப் பண்ணைப்புரத்திலிருந்து பாவலர் வரதராஜன் ஏறிப்போய்ப் பாடினார். கூட ஒரு சிறுவன், அவர் தம்பி, பின்னாளில் இளையராஜா. ரோசம்மா ஜெயித்தார். அப்போது கேரளத்தை ஆண்ட நம்பூதிரிபாட் அரசின் கௌரவத்தைத் தேனிப் பக்கத்துப் பாட்டு ஒன்று காப்பாற்றிய கதை அது.

அறுபது ஆண்டு கழித்து இன்னொரு தமிழ்க் குரல் கேரளம் முழுக்கக் கேட்டது. வட்டவடையைச் சேர்ந்த அபிமன்யு, எர்ணாகுளம் மகாராஜா கல்லூரி மாணவன், இந்திய மாணவர் சங்கத்துக்காரன். 2018 ஜூலை 2ஆம் தேதி கல்லூரி வளாகத்தில் குத்திக் கொல்லப்பட்டான். உடலைப் பார்த்து அவன் தாய் ‘நான் பெத்த மகனே’ என்று ஒப்பாரி வைத்தாள். மலையாளிகள் யாரும் அதற்கு அர்த்தம் கேட்கவில்லை. மறு வருடம் அவனைப் பற்றி வந்த மலையாளப் படத்துக்கு அந்தத் தாயின் அழுகையே தலைப்பாயிற்று. ஊரில் அவன் பெயரில் நூலகம் இருக்கிறது.

இத்தனையும் சொல்லிவிட்டு ஒன்றை மறைத்தால் நேர்மையாகாது. 2020இல் வட்டவடை இன்னொரு காரணத்துக்காகச் செய்தியில் வந்தது. ஊர் முடிதிருத்தும் கடைகளில் சக்கிலியர் சமூகத்தாருக்கு முடிவெட்ட மறுத்தார்கள். முடிவெட்டிக்கொள்ள மூணாறுக்கோ வேறெங்கோ போக வேண்டிய நிலை. பிரச்சினை முற்றியதும், எல்லோருக்குமான ஒரு கடையை ஊராட்சியே திறந்தது. போருக்கு அஞ்சி மலையேறிய முன்னோர் விதைநெல்லோடும் குலசாமியோடும் சாதியையும் சுமந்து வந்திருக்கிறார்கள். தாங்கள் சிறுபான்மையாக ஒதுக்கப்படும் வலி தெரிந்த ஊரே தனக்குள் ஒரு சிறுபான்மையை ஒதுக்கியது. ‘தமிழர் ஊர்’ என்று நெகிழ்ந்துபோகும் நம்மவர்கள் இந்தச் செய்தியைச் சத்தமில்லாமல் கடந்துபோனார்கள்.

நிலமும் நிம்மதி தரவில்லை. 2006இல் வட்டவடை, கொட்டாக்கம்பூர் நிலங்களில் சுமார் 3,200 ஹெக்டேரைக் குறிஞ்சிமலைச் சரணாலயமாக அறிவித்தார்கள். பெரிய மனிதர்கள் போலிப் பட்டாவில் வளைத்துப் போட்ட நிலம் அதற்குள் இருந்தது உண்மை. தாத்தா காலத்திலிருந்து உழுதவனின் துண்டு நிலமும் இருந்தது. இரண்டையும் பிரித்தறிவதிலேயே ஆண்டுகள் ஓடின. விளைந்த காய்கறிக்கும் இதே இழுபறி. கேரள அரசின் ஹார்டிகார்ப் கொள்முதல் செய்தால் பணம் தாமதம் என்று புகார். தமிழ்நாட்டு வியாபாரியிடம் முன்பணம் வாங்கினால் விலை அவர் சொன்னது.

பெரிய தீர்வுகளைப் பற்றி மேடையில் பேசலாம். எல்லையைத் திருத்துவது இனி நடக்காது, அதை வட்டவடைக்காரர்களும் கேட்கவில்லை. நடக்கக்கூடியது சில உண்டு. 1950க்கு முந்தைய குடியிருப்புக்குத் தோட்டக் கம்பெனிகளின் பழைய பதிவேடுகளையும் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகளையும் சான்றாக ஏற்று, சாதிச் சான்றிதழ்ச் சிக்கலை இரண்டு அரசும் ஒரே மேசையில் உட்கார்ந்து முடிக்கலாம். குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ரோடு என்ற பழைய கோரிக்கைக்கு, காட்டைக் காரணம் காட்டி இழுக்காமல், முடியும் அல்லது முடியாது என்று பதில் சொல்லலாம். சிலந்தி ஆற்றில் குடிநீருக்கு எவ்வளவு, பாசனத்துக்கு எவ்வளவு என்று அளந்து எழுதிக்கொள்ளலாம்.

இன்னொன்று அவசரம். அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027இல். தாய்மொழி எது என்ற கேள்வி அதில் உண்டு. மொழிச் சிறுபான்மைப் பகுதி, பள்ளி, ஆசிரியர் பணியிடம் எல்லாம் அந்தப் பதிலைத் தொட்டே நிற்கின்றன. தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலை தாலுகாக்களின் லயங்களுக்கும் வட்டவடை, கொட்டாக்கம்பூர் தெருக்களுக்கும் தமிழ் தெரிந்த கணக்கெடுப்பாளர்களைக் கேரள அரசு அனுப்ப வேண்டும். அங்கே உறவினர் உள்ள போடி, கம்பம், தேவாரம் வாசகர்களும் ஒரு போன் போட்டு, கணக்கெடுக்க வரும் அன்றைக்கு மற்றவர்கள் வேலைக்குப் போயிருந்தாலும் வீட்டில் ஒருவர் இருந்து பதில் சொல்லச் சொல்லுங்கள்.